தனியா விட்டா கதவைப் பிறாண்டிக் கத்துற நாட்டு நாய்: ஆபீஸ் போற வீட்டுல எப்படிப் பழக்குறது?

மைனா_வீடு (கேள்வி)

வணக்கம். எங்க வீட்டு நாய் பேரு மைனா. நாட்டு நாய், பெண், ரெண்டு வயசு, 16 கிலோ, கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சு. குட்டியா இருந்தப்ப தெருவுல இருந்து எடுத்து வளர்த்தது. இது வரைக்கும் நானோ என் கணவரோ, ஒருத்தராவது வீட்டுல இருந்து வேலை பார்த்தோம். இப்ப ரெண்டு பேருக்கும் ஆபீஸ் கட்டாயம். காலையில ஒன்பதேகாலுக்குக் கிளம்பினா சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவோம்.

சென்னை மேடவாக்கத்துல மூணாவது மாடி ஃப்ளாட். உள்ளே மரக்கதவு, வெளியே இரும்பு கிரில் கேட். நாங்க லிஃப்ட்ல இறங்குறதுக்குள்ள ஊளை ஆரம்பிச்சிடுதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. திரும்பி வந்தா மரக்கதவோட அடிப்பக்கம் பூரா நகக்கீறல். நிலைப்படி ஓரம் தரை எச்சிலா நனைஞ்சிருக்கு. சில நாள் ஹால்லயே ஒண்ணுக்குப் போயிருக்கா. நாங்க இருக்கும்போது அப்படிப் போனதே இல்லை. வேகவச்ச கோழிக்கால் வச்சுட்டுப் போறோம், அது அப்படியே கிடக்கும். நாங்க உள்ளே நுழைஞ்சதும்தான் ஓடிப்போய்ச் சாப்பிடுறா.

பால்கனியில கட்டிப் பார்த்தோம். இழுத்து இழுத்து கழுத்துல தோல் உரிஞ்சு போச்சு. அசோசியேஷன்ல புகாரும் வந்தாச்சு. கூண்டு வாங்கலாமா? துணைக்கு இன்னொரு நாய் எடுத்தா சரியாகுமா? தூக்க மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா? "நாலு நாள் கத்தி ஓஞ்சு போகட்டும், பழகிடும்"னு ஊர்ல இருந்து சொல்றாங்க. மனசு கேக்கல. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

வாலாட்டி_பயிற்சி

உங்க மனசு கேக்காதது சரிதான். கத்தி ஓயட்டும்னு விடாதீங்க. இது பிடிவாதம் கிடையாது, பீதி. தனியா விடுறப்ப வர்ற இதைப் பிரிவுப் பதற்றம்னு சொல்லுவாங்க. பீதியில இருக்கிற நாய் களைச்சுப் போய்ப் படுக்கும், ஆனா பயம் போகாது. அடுத்த நாள் நீங்க சாவியை எடுக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு முழுப் பீதியும் பயத்தை இன்னும் ஆழமாப் பதிய வைக்குது.

நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுது. போரடிச்ச நாய் முதல்ல ஒரு தூக்கம் போடும், அப்புறம் செருப்பு, குப்பைக்கூடை, சோபா மூலைன்னு கண்டதையும் கடிக்கும், வச்ச சாப்பாட்டை ஒண்ணு விடாமத் தின்னும். பீதியில இருக்கிறது நீங்க போன கொஞ்ச நேரத்துலயே, பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ள, நீங்க போன வழியிலயே போய் நிக்கும். கதவு, ஜன்னல், கிரில். எச்சில் ஒழுகும், சாப்பாட்டைத் தொடாது. ஒண்ணுக்குப் போனதும் பழக்கம் தப்பினதால இல்லை, பயத்துல.

அந்தக் கோழிக்காலை இன்னைக்கே நிறுத்துங்க. வேகவச்ச எலும்பு கூராச் சிலும்பும். தொண்டையிலயோ குடல்லயோ குத்தினா, வீட்டுல ஆள் இல்லாத நேரத்துல யார் பார்க்குறது?

இப்ப வேலைக்கு வருவோம். ரெண்டு வேலை இருக்கு, ரெண்டும் சேர்ந்து நடக்கணும். ஒண்ணு, பழக்குற காலம் முழுக்க மைனா தாங்குற நேரத்துக்கு மேல அவளைத் தனியா விடக்கூடாது. ரெண்டாவது, அந்தத் தாங்குற நேரத்தை விநாடிக் கணக்குல நீட்டணும். முதல் வேலையை விட்டுட்டு ரெண்டாவதை மட்டும் செய்யுறவங்கதான் அதிகம். காலையில பயிற்சி குடுத்துட்டு அப்புறம் ஒன்பது மணி நேரம் கதற விட்டா, காலையில கட்டினது சாயங்காலத்துக்குள்ள இடிஞ்சு போயிடும்.

பயிற்சிக்கு முதல்ல கேமரா. தனியா வாங்க வேண்டாம், பழைய ஃபோன் போதும். கதவும் அவ படுக்கிற இடமும் தெரியுற மாதிரி டிவி ஸ்டாண்டுல வைங்க. அதுல ஜூம், கூகுள் மீட் மாதிரி ஒரு வீடியோ கால் ஆப் போட்டு உங்க ஃபோன்ல இருந்து சேருங்க. உங்க பக்கம் மைக்கை அணைச்சிடுங்க, வீட்டு ஃபோனோட ஸ்பீக்கர் சத்தத்தையும் முழுசாக் குறைச்சிடுங்க. உங்க குரல் கேட்டு ஆள் இல்லைன்னா அவளுக்குக் குழப்பம்தான் கூடும். கரண்ட் போனா ரவுட்டர் அணையும், அதனால மொபைல் டேட்டாவுல ஓடட்டும்.

லீவு நாள்ல, அவ நல்லா நடந்து, ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் முடிச்சு, அரை மணி ஓய்வெடுத்ததுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை வெளியே போய் அளவெடுங்க. ஊளைக்குக் காத்திருக்காதீங்க, அதுக்கு முன்னாடியே அறிகுறி வந்திருக்கும். உதட்டை நக்குறது, தூக்கம் இல்லாமக் கொட்டாவி, காதைப் பின்னால மடக்குறது, ஒரு முன்னங்காலைத் தூக்கி நிக்குறது, வெயில் இல்லாமயே மூச்சு வாங்குறது, கதவையே வெறிச்சுப் பார்த்து உடம்பு விறைக்கிறது. முதல் அறிகுறி எத்தனையாவது விநாடியில வருதுன்னு குறிச்சுக்கிட்டு உடனே உள்ளே வந்துடுங்க. 40 விநாடின்னா உங்க தொடக்கம் அதுல பாதி, 20. கதவு மூடினதுமே வந்துச்சுன்னா தொடக்கம் கதவு மூடுறதுக்கும் முன்னாடி.

ஒரு நாள் பயிற்சி கிட்டத்தட்ட இப்படி இருக்கும். பை, ஷூ, ஐடி கார்டு, ஹெல்மெட் எதுவும் வேண்டாம், வீட்டு உடையில வெறுங்கால்ல.

கதவுக் கைப்பிடியைத் தொட்டுட்டுத் திரும்பி வந்து உட்காருங்க.
கதவைத் திறந்து மூடுங்க, வெளியே போக வேண்டாம்.
வெளியே ஒரு அடி வச்சு, கதவைச் சாத்தாம உள்ளே வாங்க.
வெளியே போய்க் கதவைச் சாத்தி 2 விநாடி.
திரும்ப, 8 விநாடி.
திரும்ப, 5 விநாடி.
கடைசியா அன்னைக்கு இலக்கு, 20 விநாடி.

ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் இடைவெளி. அவ எழுந்து உங்க பின்னாலயே வந்தா, திரும்பப் படுக்குற வரைக்கும் பொறுங்க. மொத்தமே 20 நிமிஷம் தாண்ட வேண்டாம், வாரத்துக்கு அஞ்சு நாள் போதும். முன்னால வர்ற அந்தச் சின்னப் படிகளே சில நாய்க்குப் பதற்றத்தைக் கூட்டும், கதவு ஆடும்போதெல்லாம் உஷாராகிக்கிட்டே வரும். அப்படித் தெரிஞ்சா அதையெல்லாம் விட்டுட்டு ஒரே ஒரு தடவை போய் வாங்க, அன்னைக்குப் பயிற்சி முடிஞ்சுது.

இலக்கை ஏணிப்படி மாதிரி ஏத்திக்கிட்டே போகாதீங்க. 20, 8, 22, 12, 18ன்னு கலைச்சுப் போடுங்க, இல்லைன்னா "இன்னைக்கு நேத்தை விட மோசம்"னுதான் நாய் கத்துக்கும். ஒரு நீளத்துல மூணு நாலு பயிற்சி அமைதியாப் போனா அடுத்தது பத்து இருபது சதவீதம் கூட. முதல் அரை மணி, முக்கால் மணியை எட்டுறதுதான் ரொம்ப மெதுவா, பொறுமையைச் சோதிக்கிற மாதிரிப் போகும். அதைத் தாண்டினா அஞ்சு பத்து நிமிஷமா ஏத்தலாம். ஒரு நாள் சொதப்பினா அடுத்த நாள் பாதியில இருந்து. ரெண்டு தடவை தொடர்ந்து சொதப்பினா நேரத்தைத் தொடாதீங்க, அன்னைக்குப் புதுசா எதைச் சேர்த்தீங்களோ அதை எடுத்துடுங்க. மொத்தம் எவ்வளவு நாள்னா மாதக் கணக்குதான். வாரத்துல சரியாக்குறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வெறுங்கால்ல அஞ்சு நிமிஷம் தாங்கினதும் ஷூ. ஷூ பழகினதும் பை. அப்புறம் ஹெல்மெட். புதுசா ஒண்ணு சேரும்போது நேரம் பாதியாகணும். சாவியைத் தினமும் நாப்பது தடவை குலுக்கிப் பழக்கச் சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. நாள் முழுக்க "இப்பப் போவாங்களோ"ன்னு நாயைத் தவிக்க வைக்குறதுதான் நடக்குது.

சாப்பாடு அடைச்ச ரப்பர் பொம்மையை நீங்க வீட்டுல இருக்கும்போது குடுங்க. தயிர்சாதம், மசிச்ச பரங்கிக்காய், எலும்பெடுத்த கோழி, மூணையும் அடைச்சு ஃப்ரீசர்ல வச்சா நக்க நல்ல நேரம் ஆகும். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் பூண்டு நாய்க்கு ஆகாது. திராட்சையும் உலர்திராட்சையும் விஷம். ஆனா தனியா விடுற பயிற்சிக்கு இதை நம்பாதீங்க. தின்னுற வரைக்கும் கவனிக்காது. தீர்ந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தா வீடு காலி, பீதி அப்பதான் தொடங்கும். நீங்க அளந்தது அவளோட தைரியத்தை இல்லை, பொம்மையோட கொள்ளளவை.

கூண்டு வேண்டவே வேண்டாம். பீதியில கம்பியைக் கடிச்சுப் பல்லு உடையும், நகம் பிய்யும். இன்னொரு நாயும் வேண்டாம். அவ ஏங்குறது மனுஷத் துணைக்கு, சில சமயம் ரெண்டு நாயும் சேர்ந்து ஊளையிடுறதுலயும் முடியும். ஷாக் குடுக்கிற குரைப்பு பெல்ட் பக்கமே போகாதீங்க, பயந்து கத்துற நாய்க்கு மேல ஒரு வலியைக் குடுத்தா பயம் எங்கே போகும்?

திரும்பி வந்ததும் திட்டவும் கூடாது. தலையைக் குனிஞ்சு நிக்கிறதைத் தப்பு செஞ்ச உணர்ச்சின்னு நினைக்கிறோம். நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல வெளியிட்ட ஆய்வுல, நாய் உண்மையிலயே தப்பு செஞ்சதா இல்லையாங்கிறதுக்கும் அந்த முகபாவத்துக்கும் சம்பந்தம் தெரியலை. எஜமான் திட்டும்போதுதான் அது கூடுச்சு. உங்க முகத்தைப் பார்த்துப் பயப்படுறா, அவ்வளவுதான்.

கால்நடை_மருத்துவர்_மதுரை

மேலே சொன்ன பயிற்சி முறை சரியானது. மருத்துவப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் கழுத்துக் காயம். ரோமத்துக்கு அடியில் இருக்கும் ஈரக் காயத்தில் நம் ஊர் வெயிலில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் சீக்கிரமே புழு வைத்துவிடும். சுற்றியுள்ள ரோமத்தை வெட்டி, காயத்தைச் சுத்தம் செய்து, மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, நடக்கக் கூட்டிப்போக மார்புப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பால்கனியில் கட்டுவதை இனிச் செய்ய வேண்டாம்.

அங்கேயே முழுப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். பயத்தால் போகும் சிறுநீரையும் சிறுநீர்ப்பாதைத் தொற்றால் போவதையும் வீடியோவை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீர் கசிவும் வரும். அது பெரும்பாலும் படுத்திருக்கும்போது கசியும், படுக்கையில் ஈரம் தெரியும். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் பாருங்கள். உடம்பில் வலி இருக்கும் நாயால் பயத்தைத் தாங்க முடிவதில்லை. இடி, பட்டாசுச் சத்தத்துக்கு அவள் நடுங்குவாளா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு பயமும் சேர்ந்தே இருக்கும் நாய்கள் நிறைய. தீபாவளி வாரத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டு, பிறகு குறைந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தூக்க மாத்திரை கேட்டிருந்தீர்கள். மயக்கம் தருவது வேறு, பயத்தைக் குறைப்பது வேறு. அசிப்ரோமசின் போன்ற மருந்து நாயை அசையவிடாமல் கிடத்தும். உள்ளே இருக்கும் பயத்தை அது தொடாது. நாய் சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்த்து நாம்தான் நிம்மதி அடைவோம்.

இதற்கென்றே பயன்படும் மருந்துகள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு குளோமிப்ரமினை 1998ஆம் ஆண்டும் ஃபுளூக்ஸிடினை 2007ஆம் ஆண்டும் அனுமதித்தது. இரண்டுமே நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்கு. ஃபுளூக்ஸிடின் பொதுவாக கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., நாளைக்கு ஒரு வேளை. 16 கிலோ நாய்க்கு அது 16 முதல் 32 மி.கி. வரை வரும். இந்தக் கணக்கை மருத்துவரோடு பேசுவதற்காகச் சொல்கிறேன், மருந்துக் கடைக்குப் போவதற்காக அல்ல. வலிப்பு வந்த நாய் என்றால் முடிவே மாறும்.

கொடுத்த மறுநாள் பலன் தெரியாது, 4 முதல் 6 வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாததால், பத்தாம் நாள் "மருந்து கேட்கவில்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த முதல் இரண்டு வாரத்தில் பசி குறைவதும் கொஞ்சம் மந்தமாக இருப்பதும் சகஜம். சாப்பாட்டை முழுக்க விட்டாலோ, வழக்கத்துக்கு மாறாக எரிச்சல் காட்டினாலோ சொல்லுங்கள். பலன் தெரிந்த பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் தவிர்க்கவே முடியாத நாளுக்கென்று டிராஸோடோன் அல்லது கேபாபென்டின் எழுதித் தருவதுண்டு. அதை முதல் தடவை கொடுப்பது நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாக இருக்கட்டும். திரவ வடிவக் கேபாபென்டினில் சைலிட்டால் இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு விஷம். மாத்திரையாகவோ கேப்சூலாகவோ கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் தவறவிடக்கூடாத எச்சரிக்கை ஒன்று. உண்ணிக்காக அமிட்ராஸ் கலந்த மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறோம், அமிட்ராஸ் பட்டையும் கட்டுகிறோம். ஃபுளூக்ஸிடினோ குளோமிப்ரமினோ எடுக்கும் நாய்க்கு அமிட்ராஸ் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், அமைதியின்மை, வயிற்றுப்போக்கு என்று ஆபத்தான நிலை வரலாம். வலிக்காக டிரமடால் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். கடைசியாக எப்போது எந்த உண்ணி மருந்து போட்டீர்கள் என்று எழுதி எடுத்துப்போங்கள், பாட்டிலையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

எல்லா நாய்க்கும் மருந்து வேண்டும் என்பதில்லை. கதவு மூடிய சில விநாடிகளிலேயே எச்சில் ஒழுகும், நகம் உடையும் அளவுக்குப் போகும் நாய்க்கு மருந்தில்லாமல் பயிற்சி மட்டும் கொடுப்பது அதை வீணாகத் துன்புறுத்துவதுதான். அந்த நிலையில் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. சென்னையில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்கு ஒரு வழி. ஃபோனில் இருக்கும் வீடியோவைக் காட்டுங்கள். மேசைமேல் நிற்கும் நாயைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

பி_பிளாக்_செயலாளர்

அடுக்குமாடிக் குடியிருப்பு நிர்வாகத்துல இருக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்றேன்.

நாய் வளர்க்கக் கூடாதுன்னு அசோசியேஷன் தீர்மானம் போட முடியாது. பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியத்தோட 2015 வழிகாட்டுதல் சொல்லுது. மாநகராட்சி உரிமமும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் கையில வச்சுக்குங்க. ஆனா சட்டத்தைக் காட்டிப் பேச்சை ஆரம்பிக்காதீங்க அம்மா. நாளெல்லாம் ஊளை கேக்குறவங்களுக்கும் தலைவலிதான், அவங்க வீட்டுலயும் கைக்குழந்தை இருக்கும், நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறவங்க இருப்பாங்க.

மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு, மூணு இடத்துக்கும் நேர்ல போங்க. மருத்துவம் பார்க்கிறோம், இந்தத் தேதியில இருந்து பகல்ல ஆள் இருப்பாங்க, சத்தம் வந்தா இந்த நம்பருக்கு மெசேஜ் போடுங்கன்னு சொல்லுங்க. எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டுச்சுன்னு அவங்க எழுதுற மெசேஜ் உங்க பயிற்சிக்கும் உதவும். செயலாளருக்கு அதையே கடிதமாக் குடுத்துடுங்க. வழி தேடுறாங்கன்னு தெரிஞ்சா பாதிப் புகார் அடங்கும்.

சத்தத்தைக் குறைக்க, மரக்கதவுக்கு அடியில இருக்கிற இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்க. கதவுக்கு உள்பக்கம் கனமான திரை, தரையில தடிமனான மிதியடி. மாடிப்படி வழியா எதிரொலிக்கிறதுதான் கீழே இருக்கிறவங்களை அதிகம் படுத்தும். இது பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக, மைனாவுக்கு மருந்து இல்லை.

பகல்ல யாரை வைக்குறதுங்கிறதுதான் பெரிய கேள்வி. வாரத்தை ஒரு தாள்ல கட்டம் போட்டு எழுதுங்க. ஒருத்தர் ஏழு மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்து, இன்னொருத்தர் பதினொண்ணுக்குக் கிளம்ப முடிஞ்சா, காலியா இருக்கிறது அஞ்சு மணி நேரமாக் குறையும். வேலைக்கு வர்ற அக்காவோட நேரத்தை அந்தக் காலி இடத்துக்கு மாத்துங்க, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் பேசிக் குடுங்க. உங்க பில்டிங்லயே பகல் பூரா தனியா இருக்கிற பெரியவங்க இருப்பாங்க. மைனாவை அவங்க வீட்டு ஹால்ல விட்டா ரெண்டு பேருக்கும் துணை, ஆனா வயசானவங்களை இழுத்துத் தள்ளாத நாயா இருக்கணும், அதையும் யோசிங்க. பகல் நேரக் காப்பகம்னா ஒரே கேள்வி கேளுங்க: நாய் இருக்கிற அறையில ஆள் இருப்பாங்களா? கூண்டுல அடைச்சுப் பூட்டிட்டுப் போற இடத்துல விட்டா வீட்டுல தனியா விட்டதுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லை.

மைனா_வீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர், காயத்தைக் காட்டிட்டோம், சிறுநீர் ரிசல்ட் வரணும். நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் உண்ணிக் குளியல் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், அமிட்ராஸ்னுதான் போட்டிருக்கு. எங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். பகலுக்கு என் மாமியார் ஊர்ல இருந்து வர்றாங்க, மைனா அவங்ககிட்ட ஒட்டிக்குவா.

பயிற்சியில ரெண்டு இடம் புரியலை. மரக்கதவைச் சாத்தினா படுத்தே இருக்கா. கிரில் கேட் தாழ்ப்பாள் "கிளாங்"னு விழுந்தா துள்ளி எழுந்துடுறா. அதே மாதிரி கீழே எங்க பைக் ஸ்டார்ட் ஆகுற சத்தம் மூணாவது மாடியில கேட்டாலே ஊளை. தெருவுல வேற எத்தனையோ பைக் போகுது, அதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. இன்னொண்ணு, அவ கத்திக்கிட்டு இருக்கும்போது நாங்க உள்ளே போனா, "கத்தினா வருவாங்க"ன்னு கத்துக்க மாட்டாளா?

வாலாட்டி_பயிற்சி

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். போங்க, உடனே போங்க. பந்து கேட்டுக் குரைக்கிற நாய்க்கு வேணும்னா நீங்க சொல்ற கணக்கு பொருந்தும். பீதி வேற. ஊளை நிக்குற வரைக்கும் வாசல்ல காத்திருந்தா அந்தப் பீதியைத்தான் நீட்டிக்கிட்டு இருக்கீங்க. உள்ளே வந்து சாதாரணமாப் பேசுங்க, தடவிக் குடுக்கலாம், ஒரு தப்பும் இல்லை. போறதுக்கு முன்னாடி அரை மணி கண்டுக்காம இருக்கணும்னு சொல்றதும் தேவையில்லாதது.

தாழ்ப்பாள் பத்தி நல்லா கவனிச்சிருக்கீங்க. மரக்கதவும் கிரிலும் மனுஷனுக்கு ஒரே வேலை, அவளுக்கு ரெண்டு தனித்தனி சேதி. கிரில் விழுந்தா "இது நீளமான போக்கு"ன்னு தெரிஞ்சு வச்சிருக்கா. அதனால இப்போதைக்கு நேரப் பயிற்சியில கிரிலைத் தொடாதீங்க, மரக்கதவோட நிறுத்திக்குங்க.

கிரிலைத் தனியாப் பழக்குங்க. தாழ்ப்பாள்லயும் கீல்லயும் ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்க. தாழ் போய் இடிக்கிற இடத்துல பழைய சைக்கிள் ட்யூப்ல ஒரு துண்டு வெட்டி ஒட்டினா "கிளாங்" வெறும் "டொக்" ஆயிடும். அப்புறம் நீங்க ஹால்ல மைனாவோட உட்காருங்க, மரக்கதவு திறந்தே இருக்கட்டும். உங்க கணவர் கிரிலுக்கு உள்பக்கம் நின்னு தாழைப் பாதி நகர்த்தணும். சத்தம் வந்த பிறகு, ஒரு விநாடிக்குள்ள, எலும்பில்லாத கோழித்துண்டு ஒண்ணு. வரிசை முக்கியம்: சத்தம் முதல்ல, கோழி அப்புறம். கோழியைக் காட்டிட்டுச் சத்தம் போட்டா கோழியே பயமுறுத்துற பொருளாயிடும். எட்டுப் பத்துத் தடவை செஞ்சு நிறுத்திடுங்க. தாழ்ச் சத்தம் கேட்டதும் கதவைப் பார்க்காம உங்க கையைப் பார்த்தான்னா அடுத்த நிலை: முழுசாத் தாழ் போடுறது. அதுக்கும் அசையலைன்னா அவர் வெளியே நின்னு தாழ் போடணும், நீங்க உள்ளேயே. இங்கே மட்டும் சாப்பாடு ஏன்னு கேப்பீங்க. இது சத்தத்தோட அர்த்தத்தை மாத்துற பயிற்சி, தனியா இருக்கிற பயிற்சி இல்லை. உங்கள்ல ஒருத்தர் எப்பவும் அவ பக்கத்துல இருக்கீங்க.

பைக்கும் அதே வழிதான். நாய்க்குத் தன் வீட்டு வண்டியோட சத்தம் தனியாத் தெரியும், சைலன்சர், கிக்கர், ஸ்டாண்ட் எடுக்கிற ஓசை எல்லாம் சேர்ந்து ஒரு முகவரி மாதிரி. அவர் கீழே போய் ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்துல அணைக்கட்டும், நீங்க மேலே கோழியோட. அவர் படியேறி வந்துடட்டும். இது பழகுற வரைக்கும் நிஜமாக் கிளம்புற நாள்ல பைக்கைத் தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க. மாமியார் வீட்டுல இருக்கும்போதும் இதைச் செய்யுங்க. கூட ஆள் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு அவ பதறுறாளான்னு கேமராவுல பாருங்க. இன்னொண்ணு, ஒருத்தர் மட்டும் போய் மாமியாரோட விட்டா எப்படி, ரெண்டு பேரும் போனா எப்படின்னு தனித்தனியா ஒரு தடவை பார்த்துடுங்க. எந்த மனுஷர் இருந்தாலும் அமைதியாகுற நாய்தான் அதிகம், ஆனா குறிப்பிட்ட ஒரே ஆளுக்காக ஏங்குற நாயும் உண்டு.

சேர்க்கிற வரிசை இப்படி வைங்க. மரக்கதவு மட்டும் போட்டு பத்து நிமிஷம் தாங்கினதும் கிரில் சேரும், நேரம் அஞ்சு நிமிஷமாகும். அது திரும்பப் பத்தை எட்டினதும் லிஃப்ட்ல நிஜமாவே இறங்கிப் போறது, திரும்ப அஞ்சுல இருந்து. பைக் கடைசி. ஒரே நாள்ல ரெண்டு புதுசு சேர்க்காதீங்க, சொதப்பினா எதனாலன்னு தெரியாமப் போயிடும்.

ஒரு நோட்டுல தேதி, என்னென்ன சேர்த்தீங்க, எத்தனை விநாடி, முதல் அறிகுறி எப்ப, அன்னைக்கு வாக்கிங் போனது எவ்வளவு நேரம், முந்தின ராத்திரி பட்டாசோ மழையோ இருந்ததான்னு எழுதுங்க. நடைக்குக் காலையில ஏழு மணிக்கு முன்னாடியே போயிடுங்க. வெயில் ஏறின தார்ரோடுல பாதம் வெந்து வந்த நாய்க்குப் பயிற்சி ஏறாது. வேகமா நடத்துறதை விட, அரை மணி அவ இஷ்டத்துக்கு மோந்து பார்த்துக்கிட்டே வர விடுறது மனசை நல்லா ஆத்தும்.

முதல் அளவெடுப்பு வீடியோவை இங்கே போடுங்க. நீங்க "படுத்தே இருக்கா"ன்னு சொல்றதுலயே காது எப்படி இருக்கு, கண் இமைக்குதா, தாடை தரையில படுதான்னு பார்க்கணும். தலையைத் தூக்கிக்கிட்டுக் கதவையே பார்த்துப் படுத்திருந்தா, தொடக்கத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.